இட்லிக்கார அக்காவும் டி.பி. மாத்திரையும்

 

சுனாபட்டியில் ஓர் அக்கா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் இட்லி அவித்து விற்கிறார். அவர் டாக்டர் இல்லை. நர்ஸும் இல்லை. அவர் காசநோய்க்கு, அதாவது டி.பி.க்கு, மருந்து கொடுக்கலாமா?

கொடுக்கலாம். அரசாங்கமே அவரை ஏற்றுக்கொள்ளும்.

அக்கா மாநகராட்சியின் ஹெல்த் போஸ்டுக்குப் போகவேண்டும். "எங்கள் சாலில் ஒருவருக்கு டி.பி. நான் பார்த்து மருந்து கொடுக்கிறேன்" என்று சொல்லவேண்டும். வீடு பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்பார்கள். பொறுப்பாகக் கணக்குக் காட்டுவாரா என்று பார்ப்பார்கள். முக்கியமாக, நோயாளிக்கு இவர் சம்மதமா என்று கேட்பார்கள். கல்யாணத்துக்கு நிற்கும் பெண் என்றால், விஷயம் தெரு முழுக்கப் பரவுமோ என்று பயப்படுவாள். அக்கா வாயைக் கட்டத் தெரிந்தவராக இருக்கவேண்டும்.

முன்பு வீட்டு ஆட்களை இதற்கு வைப்பதில்லை. "வாந்தி வருதும்மா, நாளைக்குப் போட்டுக்கிறேன்" என்று மகன் சொன்னால் தாய் மனசு இளகிவிடும் அல்லவா? இப்போது வீட்டாரும் செய்யலாம். ஆனாலும் பக்கத்து வீட்டு அக்காதான் நல்லது. அவர் விடமாட்டார்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? சாதாரண டி.பி.க்கு மருந்து ஆறு மாதம். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும். பசி எடுக்கும். 'குணமாகிவிட்டது' என்று பலர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். உள்ளே கிருமி சாகவில்லை. திரும்பி வரும்போது பழைய மருந்துக்கு அது அடங்காமல் போகலாம்.

டாக்டர்களும் தவறினார்கள். 1991-ல் வந்த ஓர் ஆய்வு, பக்கத்துத் தாராவியில் 100 தனியார் டாக்டர்களிடம் டி.பி.க்கு என்ன மருந்து என்று கேட்டது. 80 விதமாக எழுதினார்கள்! 2010-ல் மும்பையில் 106 டாக்டர்களிடம் கேட்டபோது, சரியாக எழுதியவர்கள் 6 பேர்தான்.

மருந்தை வீட்டிலிருந்தே சாப்பிடலாம் என்று காட்டியது நம் சென்னைதான். 1956-ல் சேத்துப்பட்டில் அந்த ஆராய்ச்சி தொடங்கியது. ஆஸ்பத்திரியில் படுத்தவர்களைப் போலவே வீட்டில் இருந்தவர்களும் தேறினார்கள்.

இனி அக்காவின் வேலை. மாத்திரை எத்தனை என்பது நோயாளியின் எடையைப் பொறுத்தது. அதை டாக்டர் சொல்வார். அக்கா கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. தினமும் கண்முன்னே விழுங்க வைத்து, அட்டையில் அன்றைய தேதியில் குறிக்கவேண்டும். எழுதப் படிக்கக் கற்றது இங்கே உதவும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். அது மருந்தின் நிறம், பயம் வேண்டாம். கண் மஞ்சளானால் அன்றே டாக்டரிடம் அழைத்துப் போகவேண்டும்.

மருந்துக்குக் காசு இல்லை. சத்துணவுக்காக நோயாளிக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தார்கள். 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாய். ஆறு மாத மருந்தை முடித்துக் கொடுத்தால் அக்காவுக்கும் 1000 ரூபாய் உண்டு. செய்யும் வேலைக்கு அது குறைவுதான். இரண்டு பணமும் வங்கிக் கணக்கில்தான் வரும். பாஸ்புக்கை எடுத்துப் போகவேண்டும்.

கோடை லீவில் நோயாளி திருநெல்வேலிக்கு ரயில் ஏறுவார். போகும் முன் ஹெல்த் போஸ்டில் சொல்லவேண்டும். ஊருக்குப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் பெயரை மாற்றித் தருவார்கள். அங்கே மாத்திரை கிடைக்கும்வரை சாப்பிட, கையில் மாத்திரை வாங்கிக்கொண்டு போகவேண்டும். அட்டையையும் மறக்கக்கூடாது.