வலிக்காத கட்டி



கோவிந்தாபுரத்தில் மாந்தோப்பு வேலைக்குப் போகிறவர் ஒருவர். அவர் தொடையில் ஒரு கட்டி வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். வலி இல்லை. காய்ச்சல் இல்லை. "பாரம் தூக்கியதால் வந்த வீக்கம்" என்கிறார் ஒருவர். "எண்ணெய் போட்டு உருவினால் போகும்" என்கிறார் இன்னொருவர். "கத்தி பட்டால் பரவும், காலையே எடுத்துவிடுவார்கள்" என்கிறார் மூன்றாமவர். யார் சொல்வது சரி?

தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் தசை, கொழுப்பு, நரம்பு, இரத்தக் குழாய் எல்லாம் இருக்கின்றன. இவற்றுக்கு மென்திசு என்று பெயர். இங்கே வரும் கட்டிகளில் பெரும்பாலானவை ஆபத்து இல்லாதவை. கொழுப்புக் கட்டி அப்படிப்பட்டதுதான். ஆனால் அபூர்வமாகச் சில கட்டிகள் புற்றுநோயாக இருக்கும். அதன் பெயர் சார்கோமா. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் 100க்கு ஏறக்குறைய 1 தான் இது. தொட்டால் இது ஒட்டாது.

எந்தக் கட்டியைக் கவனிக்க வேண்டும்?

1. பெரிய எலுமிச்சம்பழம் அளவு, அதாவது 5 சென்டிமீட்டருக்கு மேல் உள்ள கட்டி.
2. வளர்ந்துகொண்டே போகும் கட்டி.
3. தசைக்குள் ஆழமாக இருக்கும் கட்டி.
4. எடுத்த இடத்தில் மறுபடியும் வரும் கட்டி.

இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலி இல்லையே என்று காத்திருக்கக் கூடாது. தாமதித்தால் நோய் நுரையீரலுக்குப் பரவலாம்.

மருத்துவர் முதலில் ஸ்கேன் எடுக்கச் சொல்வார். பிறகு ஊசியால் சிறிது சதை எடுத்துச் சோதிப்பார்கள். இதற்குப் பயப்பட வேண்டாம். சோதிக்காமல் அவசரமாக அறுப்பதுதான் தவறு. நோயின் மிச்சம் உள்ளே தங்கிவிடும். கட்டி மறுபடியும் வரும். முன்னைவிடப் பெரிய அறுவைச் சிகிச்சை தேவைப்படும்.

காலை எடுத்துவிடுவார்களா? முன்பு பலருக்கு அப்படித்தான் செய்தார்கள். 1982இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கட்டியை மட்டும் எடுத்து, கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களும் காலை இழந்தவர்களைப் போலவே உயிர் பிழைத்தார்கள். இன்று பெரும்பாலோருக்குக் கை கால்களைக் காப்பாற்ற முடிகிறது.

முதலில் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போகலாம். பெரிய சிகிச்சைக்குத் திருவனந்தபுரத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. அது 1981இல் தொடங்கியது. சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது.

அந்த மூன்று பேரும் கட்டியைச் சோதிக்கவில்லை. ஊகித்துத்தான் சொன்னார்கள். கட்டி எதுவென்று சோதனைதான் சொல்லும். சோதிக்காமல் உருவாதீர்கள். சோதிக்காமல் அறுக்காதீர்கள்.