மாட்டுங்கா, தாராவி, செம்பூர்: ஒரே தண்ணீர், ஒரே காற்று

(மும்பையில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மும்பையின் வாழ்க்கையைப் பற்றி அரை மணி நேரம் பேசும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டார். மும்பை முழுவதையும் பேச அரை நாள் போதாது. எனவே தமிழர்கள் நிறைந்த மூன்று பேட்டைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான் பௌதிகம் படித்தவன். பிறகு முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் உத்தியோகம். எதற்கும் காரணம் தேடுவது படிப்பினால் வந்த பழக்கம். தேதி போட்டுச் சொல்வது உத்தியோகத்தினால் வந்தது. இரண்டையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் மாட்டுங்கா. அதன் விசாலமான வீதிகளுக்குக் காரணம் பிளேக் நோய் என்றால் ஆச்சரியப்படுவீர்கள். 1896-ல் மாண்டவி பகுதியில் தோன்றிய பிளேக், காற்றும் வெளிச்சமும் புகாத சால்களில் வேகமாகப் பரவியது. 1898-ல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் அமைக்கப்பட்டது. தாதர், மாட்டுங்கா பகுதிகளில் வீதியும் தோட்டமும் அளந்து வகுத்தது அந்த டிரஸ்ட்தான். பாலக்காடு, தஞ்சாவூர், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து ஷார்ட்ஹாண்டும் டைப்பிங்கும் கற்றுக்கொண்டு ரயிலேறிய நம்மவர்கள் அங்கே வாடகைக்குக் குடியேறினார்கள். 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் பிறந்தது. 1963-ல் ஷண்முகானந்தா ஹால் திறக்கப்பட்டது. 1990-ல் தீக்கிரையாகி 1998-ல் அது மறுபடி எழுந்த கதை உங்களுக்குத் தெரிந்ததே.

அடுத்தது தாராவி. ஆதியில் அது கோலி மீனவர்களின் கிராமம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தோல் பதனிடும் தொழில் அங்கே வந்தது. நாற்றமுள்ள தொழில் ஊருக்கு வெளியே இருக்கட்டும் என்று நகரம் ஒதுக்கி வைத்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆதிதிராவிடர்களும் நாடார்களும் தமிழ் முஸ்லிம்களும் பிழைப்புத் தேடி அங்கே சேர்ந்தார்கள். நகரம் வளர வளர, வெளியே இருந்த தாராவி நட்டநடுவே வந்துவிட்டது.

மூன்றாவது செம்பூர். சுதந்திரத்துக்குப் பிறகு வளர்ந்தது. 1954, 55-ல் டிராம்பேயில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. 1954-லேயே அணுசக்தி நிலையமும் தொடங்கப்பட்டு, 1956 ஆகஸ்டில் அப்ஸரா உலை இயங்கியது. விஞ்ஞானம் படித்த நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது. கூடவே புகையும் கிடைத்தது.

ஆக, மூன்று பேட்டைகளையும் உண்டாக்கியது நகரத்தின் தேவைதான். குமாஸ்தா வேண்டியிருந்தது, தோல் வேண்டியிருந்தது, விஞ்ஞானி வேண்டியிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் தமிழர்களே.

ஆனால் ஒரு விஷயம். தாராவிக்குள் ஒரு பகுதிக்கு 'மாட்டுங்கா லேபர் கேம்ப்' என்றே பெயர். நடுவில் இருப்பது சென்ட்ரல் ரயில்வே தண்டவாளம். கிழக்கே நம் கட்டடங்கள், மேற்கே அவர்கள் குடிசைகள். கிழக்கே பிறந்து வளர்ந்து, மேற்கே ஒரு தடவைகூடப் போகாதவர்கள் எத்தனையோ பேர். இந்தச் சபையிலும் இருப்பார்கள். (சிரிப்பு.) ஆனால் காலையில் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறாரே இட்லிக்காரர், அவருடைய கூடை பெரும்பாலும் தாராவியிலிருந்துதான் வருகிறது. விடியுமுன் எழுந்து இட்லி அவிப்பது அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள்.

நாம் போட்ட கோட்டை இயற்கை ஒப்புக்கொள்வதில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. அதே நாளில் கொலாபாவில் ஏழு சென்டிமீட்டர்தான். வெள்ளைக்காரன் காலத்துச் சாக்கடைகள் மணிக்கு 25 மில்லிமீட்டர் தாங்கும் கணக்கில் கட்டப்பட்டவை. நாள் முழுக்க ஒரே சீராகப் பெய்தாலும் 600-தான் தாங்கும். அன்று பெய்ததோ முக்கால்வாசி சில மணி நேரத்தில். கடலும் ஏற்றத்தில் இருந்தது. தாராவி ஓரமாக மாஹிம் கழிமுகத்துக்குப் போகும் மித்தி நதி, குப்பையும் ஆக்கிரமிப்புமாய் ஒடுங்கிப் போயிருந்தது. தண்ணீர் வேறெங்கே போகும்?

காற்றும் அப்படித்தான். மாட்டுங்கா சமையலறைக் குப்பையும் தேவனார் மேட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. 2016 ஜனவரியில் அந்த மேடு பற்றி எரிந்தபோது, செம்பூரில் நாள்கணக்கில் ஜன்னல்களை மூடி வைத்தோம்.

2020-ல் கொரோனா. ஏப்ரல் 1-ஆம் தேதி தாராவியில் முதல் நோயாளி. பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர், பலருக்குப் பொதுக் கழிப்பிடம். விலகி நிற்க இடம் ஏது? மாநகராட்சி ஊழியர்களும் தனியார் டாக்டர்களும் வீடுவீடாகப் போய்ப் பரிசோதித்தார்கள். ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியை உதாரணமாகச் சொன்னார். அங்கே அடங்கியதால் நாமும் தப்பினோம்.

பிளேக்குக்குப் பிறகு சால்களை இடித்தபோது, வசதியுள்ளவர்களுக்குப் புதுப் பேட்டை கிடைத்தது. ஏழைகளில் பலர் வேறொரு நெரிசலுக்குத்தான் போனார்கள். இப்போது தாராவியை இடித்துக் கட்டும் திட்டம் நடைபெறுகிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு; மற்றவர்களுக்கு வேறிடத்தில். ஆனால் தாராவியில் வீடுதான் பட்டறை. இட்லிப் பானையையும் தோல் தைக்கும் மெஷினையும் மாடிக் குடியிருப்பில் எங்கே வைப்பது? நல்ல கழிப்பறையும் வேண்டும், பிழைப்பும் வேண்டும். இதை யோசிக்க வேண்டியவர்களில் நாமும் உண்டு.

நம்மால் ஆவது என்ன? ஓய்வுபெற்ற நாங்கள் நாலு பேர் ஞாயிறு காலை தண்டவாளத்தைத் தாண்டிப் போய், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கும் விஞ்ஞானமும் சொல்லித் தருகிறோம். முதல் நாள் ஒரு தாயார், "சாருக்கு எந்த ஊரு?" என்றார். கல்லிடைக்குறிச்சி என்றேன். "நாங்க அம்பாசமுத்திரம்லா!" என்றார். இரண்டு ஊருக்கும் நடுவே தாமிரபரணி மட்டும்தான். பாலம் கட்டி வெகு காலமாயிற்று.

விஞ்ஞானத்துக்கு ஆள் இருக்கிறோம். கணக்கு வாத்தியார்தான் போதவில்லை. செம்பூரில் ரிடையரான இன்ஜினியர்கள் ஏராளம். வெளியூர் அங்கத்தினர்களும் தங்கள் ஊரில் இப்படி ஓர் இடத்தைத் தேடலாம். நேரம் காலை ஒன்பது மணி. காபி அவர்கள் தருவார்கள், பேஷாக இருக்கும்.