கொடுத்த கையும் காத்த களஞ்சியமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

புலவர் பெருமக்கள் பேசிய இம்மேடையில், பள்ளியிறுதி வகுப்பளவே பயின்று புகைவண்டி நிலையத்தில் எழுத்தராகப் பணிபுரியும் எமக்கும் கால் நாழிகை நல்கிய சங்கத்தார்க்கு முதற்கண் நன்றி கூறுகின்றோம். இவ்வாண்டு இளைஞர் உலகைப் பற்றி ஏதேனும் பேசுக என்று பணித்தனர். இளைஞர் உலகென்றால் இன்று கணிப்பொறி விளையாட்டைத் தவிர்த்துப் பேச இயலாது. அவ்வுலகில் 2021 ஆம் ஆண்டு எழுந்த ஒரு வழக்கினை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம். அவ்வழக்கு விளையாட்டைப் பற்றியதே எனினும், அதனுள் புதைந்து கிடக்கும் வினா விளையாட்டன்று. ஊதியம் கருதாது ஒருவர் உழைத்து, ஊரார்க்கென ஒரு பொருளை வழங்கிய பின், அப்பொருளின்மீது அவர்க்கு எஞ்சியுள்ள உரிமை யாது? இதுவே அவ்வினா.

முதலில் பொருளை விளக்குவோம். ஒரு நிறுவனம் ஒரு விளையாட்டினை உருவாக்கி விற்கின்றது. அதனை வாங்கி ஆடுவோருள் சிலர், ஆடுவதோடு அமையாது அதற்குள் புதிய ஊர்களையும் புதிய கதைகளையும் புதிய அணிகலன்களையும் தாமே ஆக்கிச் சேர்க்கின்றனர். நிறுவனம் விட்டுச் சென்ற பிழைகளைத் திருத்துவோரும் உளர். இவ்வாறு சேர்க்கப்படும் ஆக்கத்தினை, மாற்றம் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் குறுக்கி, ‘மாட்’ என வழங்குவர். மாட் என்றதும் நம் ஊர் உழவு மாட்டினை எண்ணிவிடல் வேண்டா. எனினும் ஊதியமின்றி உழைப்பதில் இரண்டிற்கும் ஒற்றுமை உண்டு.

இவ்வாக்கங்களைச் சிறுபிள்ளை விளையாட்டென எள்ளி ஒதுக்குதல் பொருந்தாது. 1998 இல் வெளிவந்த ‘ஹாஃப்-லைஃப்’ என்னும் விளையாட்டிற்கு இளைஞர் இருவர் 1999 இல் ஒரு மாட் செய்தனர். அதன் பெயர் ‘கவுண்டர்-ஸ்ட்ரைக்’. அடுத்த ஆண்டிலேயே வால்வ் நிறுவனம் அதனை ஏற்றுத் தன் விளையாட்டாக விற்பனைக்குக் கொணர்ந்தது. நம் இல்லங்களில் பிள்ளைகள் இரவெல்லாம் ஆடும் ஆட்டங்களுள் அதுவும் ஒன்று. தன்னார்வலர் கைவண்ணம் ஒரு பெருந்தொழிலின் வேராயிற்று என்பதற்கு இஃதொன்றே சான்றாகும்.

‘ஸ்கைரிம்’ என்றொரு விளையாட்டு 2011 நவம்பர் 11 ஆம் நாள் வெளிவந்தது. அமெரிக்க நாட்டின் பெதஸ்டா நிறுவனத்தார் அதனை ஆக்கினர். மறு ஆண்டு பிப்ரவரியில், மாட் செய்வதற்கு வேண்டிய கருவியினையும் அவர்களே விலையின்றி வழங்கினர். அதன் பின்னர் உலகின் பல மூலைகளினின்றும் பல்லாயிரம் ஆக்கங்கள் வந்து குவிந்தன. அவற்றுள் பெரும்பாலானவை சேர்ந்த இடம் ‘நெக்சஸ் மாட்ஸ்’ என்னும் இணையக் களஞ்சியம். இங்கிலாந்து நாட்டினராகிய ராபின் ஸ்காட் என்பவர், ‘மாரோவிண்ட்’ என்னும் விளையாட்டின் அன்பர்க்காக 2001 இல் தொடங்கிய ஒரு சிறு தளம், காலப்போக்கில் இத்துணைப் பெரிதாயிற்று. விளம்பரமும் உறுப்பினர் சந்தாவும் அதன் வருவாய். ஆக்கியோர்க்குக் கூலி இல்லை. 2018 முதல், இறக்கிக்கொள்ளப்படும் அளவிற்கேற்ப நன்கொடைப் புள்ளிகள் என ஒரு சிறு தொகை வழங்கப்பட்டது. எனினும் அதனை நம்பி உலை வைத்தவர் மிகச் சிலரே.

இக்களஞ்சியத்தில் நெடுங்காலம் ஒரு விதி இருந்தது. ஆக்கியோன் தன் ஆக்கத்தினை எப்பொழுது வேண்டினும் நீக்கிக்கொள்ளலாம். எம் நிலையத்துப் பொருள் காப்பறையினை எண்ணிப் பாருங்கள். பயணி தம் பெட்டியை வைத்துச் சீட்டுப் பெறுகின்றார். சீட்டினை நீட்டியதும் பெட்டி திரும்பக் கிட்டுகின்றது. ஏன் எடுக்கின்றீர் என எவரும் வினவுவதில்லை. ஏறக்குறைய அத்தகைய உறவே ஆக்கியோர்க்கும் களஞ்சியத்திற்கும் இடையே நிலவிற்று.

2021 ஜூலை முதல் நாள் அவ்விதி மாறுமென அறிவிப்பு வந்தது. இனி எவரும் தம் கோப்பினை அடியோடு அழித்தல் இயலாது. பொதுமக்கள் கண்ணினின்று மறைத்து வைக்கலாம், ஆயின் கோப்பு களஞ்சியத்தின் உள்ளறையில் இருந்தே தீரும் என்பது புதிய விதி. உடன்பட விரும்பாதார் ஆகஸ்டு 5 ஆம் நாளுக்குள் கேட்டுக்கொண்டால் அவர்தம் கோப்புகள் நீக்கப்படும் என்றும் கூறினர். அறிவிப்பினைக் கண்ட ஆக்கியோருள் ஒரு சாரார் கொதித்தெழுந்தனர். பல்லாண்டு பாடுபட்டு ஆக்கியவற்றை ஒரே நாளில் எடுத்துக்கொண்டு வெளியேறியோர் பலர். பலரும் விரும்பிய ஆக்கங்கள் சில, களஞ்சியத்தினின்று மறைந்தன.

இவ்விதி மாற்றத்திற்குக் காரணம் யாது? களஞ்சியத்தார் கூறிய நியாயத்தை முதலிற் கேட்போம். ஒருவர் தம் விளையாட்டிற்கு நூற்றுக்கணக்கான மாட்களைச் சேர்க்கின்றார் எனக் கொள்வோம். அவை ஒன்றோடொன்று மோதும். எது முன், எது பின் என வரிசை அமைத்தல் வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகச் சார்ந்து நிற்பனவும் உண்டு. இத்தொல்லையினைக் களைய, தேர்ந்த ஒருவர் அமைத்த பட்டியலை மற்றவரும் எளிதிற் பெறுமாறு ‘தொகுப்பு’ என்னும் ஏற்பாட்டினைக் களஞ்சியத்தார் திட்டமிட்டனர். பட்டியலிலுள்ள ஒரு கோப்பு திடீரென மறைந்தால் தொகுப்பு முழுமையும் குலையும். எனவே கோப்பு நிலைத்திருத்தல் இன்றியமையாதது என்றனர்.

இவ்வச்சம் வீண் அச்சமன்று. 2016 மார்ச் 22 ஆம் நாள், மென்பொருள் எழுதுவோர் பயன்படுத்தும் ‘என்.பி.எம்.’ என்னும் களஞ்சியத்தில் ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. தாம் வைத்திருந்த ஒரு பெயரை அக்களஞ்சியம் வேறொரு நிறுவனத்திற்கு மாற்றிக் கொடுத்தமையால் மனம் புண்பட்ட ஓர் எழுத்தாளர், தம் ஆக்கங்கள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு நீங்கினார். அவற்றுள் ‘லெஃப்ட்-பேட்’ என்பது வெறும் 11 வரி. அந்தப் பதினொரு வரியை நம்பி நின்ற மென்பொருள்கள் உலகெங்கும் உருவாக இயலாது நின்றன. சில மணி நேரத்திற்குள் களஞ்சியத்தார் தாமே அதனை மீட்டு வைத்தனர். பின்னர், வெளியிட்டு 24 மணி நேரம் கடந்தவற்றை எளிதில் நீக்க இயலாவாறு விதியும் வகுத்தனர். சுவரினின்று ஒரு செங்கல்லை உருவினால் கூரையே ஆடும் என்பதை உலகம் அன்று உணர்ந்தது.

நிற்க. இனி ஆக்கியோர் தரப்பினைக் கேட்போம். “இப்பொருள் எம்முடையது. எடுத்துக்கொள்ளலாம் என்ற விதியை நம்பியே வைத்தோம். இப்பொழுது எடுக்கலாகாது என்பது எவ்வாறு முறையாகும்?” என்பது அவர்தம் முதற் குறை. இரண்டாவது குறை அதனினும் நுண்ணியது. தொகுப்பாகப் பெறுவோர், தனித்தனி ஆக்கியோன் எழுதிவைத்த குறிப்பினைப் படிப்பதில்லை. பழுது நேர்ந்தாலோ ஆக்கியோன் வாயிலில் வந்து நின்று வசை பாடுவர். தொகுத்தவர்க்குப் புகழ், களஞ்சியத்திற்குச் சந்தா, ஆக்கியோனுக்கு ஏச்சு என்னும் நிலை வருமென அஞ்சினர்.

இவ்வச்சத்திற்கும் முன்வரலாறு உண்டு. 2015 ஏப்ரல் 23 ஆம் நாள், வால்வ் நிறுவனமும் பெதஸ்டாவும் இணைந்து, ஸ்கைரிம் மாட்களை விலைக்கு விற்கும் ஏற்பாட்டினைத் தொடங்கின. விலையில் ஆக்கியோனுக்குக் கிட்டியது நூற்றுக்கு 25 பங்கே. எஞ்சிய முக்காற் பங்கும் இரு நிறுவனங்களையும் சென்றடைந்தது. விளையாடுவோர் பெருங்கூச்சலிட்டனர், நான்கே நாளில், ஏப்ரல் 27 இல், ஏற்பாடு கைவிடப்பட்டு, செலுத்திய பணமும் திருப்பித் தரப்பட்டது. அந்நான்கு நாட்களுள்ளும் ஆக்கியோர் சிலர் ஏசப்பட்டனர். தம் உழைப்பினைப் பிறர் விலை பேசுவதை ஒருமுறை கண்டவர், மறுமுறை விதி மாறுகின்றது என்றதும் ஐயுறுதல் இயல்பே அன்றோ!

இவ்விரு தரப்பினரையும் கேட்ட நாம் யார் பக்கம் நிற்பது? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது நம் பழமொழி. அது பெற்றவர்க்குச் சொன்ன அறிவுரை. கொடுத்தவர்க்கும் ஓர் அறிவுரை உண்டு: தானம் கொடுத்த மாடு ஏரில் பூட்டி உழுதுகொண்டிருக்கையில் கயிற்றை அவிழ்க்காதே என்பதாம். பழமொழியில் இல்லாத இதனை யாமே சேர்த்துக்கொள்கின்றோம்.

எம் தொழிலினின்றே ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். ஓடும் வண்டியினின்று ஒரு பெட்டியைக் கழற்றுதல் இயலாது. இடையிற் காற்றுக்குழாய் அறுந்தால் வண்டி முழுமையும் நின்றுவிடும். அதனால் அப்பெட்டியை என்றுமே கழற்றலாகாது என்று எவரேனும் விதி செய்கின்றனரா? இல்லை. நிலையத்தில் வண்டியை நிறுத்தி, உரியவர்க்கு அறிவித்து, இணைப்பினை முறையாக நீக்கிப் பெட்டியைப் பிரிக்கின்றனர். எஞ்சிய வண்டி தன் வழியே செல்கின்றது. பிரியும் உரிமையும் வேண்டும். பிரியும் முறையும் வேண்டும். களஞ்சியம் முறையை எண்ணி உரிமையைக் குறைத்தது. வெளியேறியோருட் சிலர் உரிமையை எண்ணி, தம்மைச் சார்ந்து நின்ற ஏனை ஆக்கியோரை மறந்தனர்.

களஞ்சியத்தார் ஒரு திங்களுக்கு மேல் வாயிலைத் திறந்து வைத்தனர் என்பதை மறைத்தல் அறமன்று. எனினும் அவ்வளவு போதுமா? ஆக்கியோருள் அறிவிப்பினைக் காணாதவர் எத்தனை பேர்? நோயுற்றோர் எத்தனை பேர்? உயிர் நீத்தோரும் இருந்திருக்கக் கூடுமே! மௌனம் சம்மதம் என்பது வீட்டுத் திண்ணைப் பேச்சிற்குப் பொருந்தலாம். பிறர் உழைப்பின் உடைமைக்குப் பொருந்துமா? புதிய விதி புதிதாய் வைப்பவற்றிற்கு மட்டும் என்றும், பழையவற்றிற்கு உரியவர் வாய்திறந்து ‘ஆம்’ என்றாலன்றிப் பழைய விதியே என்றும் அமைத்திருப்பின், இத்துணைக் கசப்பு விளைந்திராது என்பது எம் கருத்து.

காத்து வைத்தலின் நன்மையும் விரைவிலேயே வெளிப்பட்டது. அதே 2021 நவம்பர் 11 ஆம் நாள் ஸ்கைரிம் விளையாட்டின் பத்தாமாண்டுப் பதிப்பு வெளிவந்தது. அதனோடு வந்த மாற்றத்தால் நுட்பமான மாட்கள் பல செயலிழந்தன. பழைய விளையாட்டினையே வைத்துக்கொண்டோர், பழைய மாட்களைத் தேடினர். களஞ்சியத்தில் காக்கப்பட்டவை அன்று அவர்க்குக் கைகொடுத்தன. பொதுநலம் என்னும் சொல் வெறும் சாக்கன்று என்பதனை இது காட்டும். ஆயினும் பொதுநலத்தின் பெயரால் கேளாமற் கொள்ளும் வழக்கம், நாளடைவில் கொடுப்போரையே இல்லாமற் செய்துவிடும். கொடுப்போர் அகன்ற பின் களஞ்சியத்தில் காப்பதற்கு எஞ்சுவது யாது?

விதியினை முன்னரே உரைத்தால் மனக்கசப்பு இல்லை என்பதற்கு நம் மொழியிலேயே சான்று உண்டு. தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் தோன்றியது. அதில் எழுதுவோர் தாம் வழங்கிய உரிமத்தினைத் திரும்பப் பெற இயலாது. பிறர் திருத்தலாம், எடுத்தாளலாம். அவ்விதி முதல் நாளே எழுதப்பட்டுள்ளது. கட்டுரையைப் பதியும்பொழுதெல்லாம் கண்முன் நிற்கின்றது. அறிந்தே கொடுக்கின்றனர், ஆதலின் மகிழ்ந்தே கொடுக்கின்றனர்.

இளைஞர்களே! நீங்களும் பாட்டு, படம், செயலி எனப் பலவற்றை எங்கெங்கோ ஏற்றி வைக்கின்றீர்கள். ஏற்றுமுன் விதியைப் படியுங்கள். உங்கள் ஆக்கத்தின் ஒரு படியினை உங்கள் கையிலும் வைத்திருங்கள். பிரிய நேர்ந்தால், உங்களைச் சார்ந்து நிற்போர்க்கு நாள் குறித்துச் சொல்லிப் பிரியுங்கள். பெரியோர்களே! நம் சங்கமும் ஊதியமற்ற உழைப்பால் நிற்பதே. நாடகத்திற்குத் திரை தைத்தவரும், மலருக்கு மெய்ப்புத் திருத்தியவரும், பந்தியில் இலை போட்டவரும் கூலி கேட்டிலர். அவர்தம் பணியில் ஒரு மாற்றம் செய்யுமுன் ஒரு சொல் கேட்போமாக. “உங்கள் கருத்து யாது?” என்னும் மூன்று சொற்களுக்குச் செலவொன்றும் இல்லை. அதனைக் கேளாது விட்டால் நேரும் இழப்போ, எந்தக் கணக்குப் பேரேட்டிலும் அடங்காது.