ஹெரால்டும் ஓவர்டிரைவும்



1961ஆம் ஆண்டில், சென்னையை அடுத்த ஆலையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்னும் சிறு கார் உருவாகத் தொடங்கியது. இங்கிலாந்தின் டிரயம்ப் ஹெரால்டே அதன் மூல வடிவம். தென்னாட்டில் பிறந்து வடநாட்டில் வாழும் வகையில் அதுவும் நம்மைப் போன்றதே. தந்தை ஓட்டிய வண்டி என்னும் அன்பினால் அதைத் தலைநகரில் பேணி வருவோருக்கு எழும் ஐயம் ஒன்றுண்டு: நெடுஞ்சாலையில் இயந்திரத்தின் கதறலைத் தணிக்க ஓவர்டிரைவ் பொருத்தலாமா?

நான்காவது கியரில் இயந்திரமும் பின்னோக்கிச் செல்லும் தண்டும் ஒரே வேகத்தில் சுழல்கின்றன. இயந்திரத்தை விடத் தண்டை விரைந்து சுழலச் செய்வதே ஓவர்டிரைவ். ஷெஃபீல்டு நகரின் லேகாக் நிறுவனம் செய்த கருவியில், நடுப் பல்சக்கரம் ஒன்றும் அதனைச் சூழ்ந்து வரும் சிறு பல்சக்கரங்களும் உள்ளன. ஒரு விசையைத் தட்டினால் எண்ணெய் அழுத்தம் அதனை இயக்கும். கிளட்சை மிதிக்க வேண்டுவதில்லை. இயந்திரத்தின் சுழற்சி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். நிமிடத்திற்கு 4,000 முறை சுழன்றது 3,200 முறை சுழன்றால் போதும். வண்டியின் வேகமோ மாறாது. தேய்மானமும் இரைச்சலும் குறையும், பெட்ரோலும் ஓரளவு மிஞ்சும்.

ஆயினும், இருக்கும் கியர் பெட்டியின் பின்னால் இக்கருவியை ஒட்டிவிட முடியாது. அதற்கெனச் செய்த மெயின் ஷாப்ட் வேண்டும். ஆதலின் டிரயம்ப் ஸ்பிட்பயர் போன்ற உறவு வண்டிகளின் பெட்டியை ஓவர்டிரைவுடன் முழுமையாக வாங்குவதே முறை. கிளட்ச் தட்டோடு அதன் தண்டு பொருந்துமா என்று முதலில் பார்க்க வேண்டும். புரொப்பெல்லர் ஷாப்டின் நீளம், தாங்கி, வேகமானியின் கம்பி ஆகியவற்றையும் மாற்ற நேரும். ஓவர்டிரைவ் பிடித்திருக்கும்போது வண்டியைப் பின்னே செலுத்தினால் கருவி உடையும். ஆதலின் அதனைத் தடுக்கும் மின்விசையை விட்டுவிடலாகாது.

வேறொரு வழி ஐந்து கியர் பெட்டி. அம்பாசடர் வண்டிக்கே 1990களில் இசுசு இயந்திரத்தோடு அத்தகைய பெட்டி வந்தது. ஆனால் பிற வண்டியின் பெட்டியை ஹெரால்டில் நுழைக்க அடித்தளத்தை வெட்ட நேரலாம். 2021இல் வந்த மைய அரசு விதிகள், ஐம்பது ஆண்டைக் கடந்து, மூல வடிவம் காத்த வண்டிகளுக்கே தொன்மை வண்டிப் பதிவை அளிக்கின்றன. சேசிஸையோ உடலையோ இயந்திரத்தையோ மாற்றியவற்றுக்கு அவ்வுரிமை இல்லை. வெட்டிய தகடு மீண்டும் ஒட்டலாம். இழந்த உரிமை எளிதில் ஒட்டாது.

மூன்றாவது வழி, பின் அச்சின் பல் விகிதத்தை மாற்றுவது. இது எளிது. ஆனால் எல்லாக் கியர்களிலும் இழுவை குறையும். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மேம்பாலத்தில் ஏறுகையில் அது தெரியும்.

எதைத் தேர்வது? டில்லித் தெருக்களிலும், ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964இல் தொடங்கியது போன்ற பழங்கார் அணிவகுப்புகளிலும் மட்டுமே ஓட்டுவோர் எதையும் மாற்ற வேண்டாம். நெரிசலில் ஓவர்டிரைவுக்கு வேலையே இல்லை. 165 கிலோமீட்டர் நீளமுள்ள யமுனா விரைவுச் சாலையில் ஆக்ராவுக்கு அடிக்கடி செல்வோருக்கு லேகாக் கருவி தகும். ஆனால் 948 சி.சி. கொண்ட சிறு இயந்திரம் தளர்ந்திருந்தால் ஓவர்டிரைவை இழுக்க மாட்டாது. முதலில் இயந்திரத்தின் அழுத்தத்தைச் சோதித்துச் செப்பனிடுக, பிரேக்குகளையும் பார்த்துக்கொள்க. இது வேகத்தை மிகுப்பதற்கான ஏற்பாடு அன்று, இயந்திரத்தின் உழைப்பைக் குறைப்பதற்கானது.

இறுதியாக ஒன்று. கழற்றிய பழைய பெட்டியை எடைக்குப் போடாதீர்கள். எண்ணெய் பூசித் துணி சுற்றி வையுங்கள். வண்டி நாளை மக்கள் கைக்கு மாறுகையில், அதனைப் பிறந்த வடிவிலேயே ஓட்ட அவர்கள் விரும்பக்கூடும். அவ்வழியை அடைக்காத மாற்றமே நல்ல மாற்றம்.