ஊருக்கு ஒரு பெட்டி
(அறக்கட்டளையின் பொதுக்குழுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





நம் மாலை நேரப் படிப்பு மையத்தில் டிவி வைக்கலாம் என்று சொன்னதும், "டிவி என்றாலே சீரியல்தானே, பிள்ளைகள் படிக்கிற இடத்தில் அது எதற்கு?" என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்வது என் கடமை.

1975 ஆகஸ்ட் 1 அன்று நம் நாட்டில் ஒரு சோதனை தொடங்கியது. அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் வழியாக, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு ஓராண்டு காலம் விவசாயம், சுகாதாரம், கல்வி பற்றிய நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. வீட்டுக்கு வீடு டிவி கிடையாது. பொது இடத்தில் ஊருக்கு ஒரு பெட்டி. எல்லோரும் கூடிப் பார்த்தார்கள்.

அந்த ஆறு மாநிலங்களில் தமிழகம் இல்லை. ஆனால் அதே மாதம் 15ஆம் தேதி நமக்கும் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் வந்தது. சேப்பாக்கம் சுவாமி சிவானந்தா சாலையில் நாம் அன்றாடம் கடந்து போகும் அதே நிலையம்தான். அதன் 'வயலும் வாழ்வும்' விதை, உரம், பூச்சி பற்றியெல்லாம் விவசாயிக்குப் புரியும் தமிழில் சொன்னது. கொடைக்கானல் மலைமேல் ஒளிபரப்புக் கோபுரம் வந்தபின் தென் மாவட்டக் கிராமங்களுக்கும் அது எட்டியது. பஞ்சாயத்து டிவி முன் தரையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் இந்தச் சபையிலும் இருப்பீர்கள்.

2019 ஆகஸ்டில் நம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலிருந்து தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. மறு ஆண்டு கொரோனாவில் பள்ளிகள் மூடியபோது, ஸ்மார்ட்போன் இல்லாத கிராமத்துப் பிள்ளைக்கும் வகுப்புவாரியாகப் பாடம் கொண்டுபோனது அதுதான். ஒரே போனை மூன்று பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்ளும் வீடுகள் கிராமத்தில் மட்டுமல்ல, நம் மஹல்லாவிலும் உண்டு.

ஆனால் டிவியில் ஒரு குறை இருக்கிறது. அது பேசும், பிள்ளையின் சந்தேகத்தைக் கேட்காது. கணக்கில் ஒரு படி புரியாவிட்டால், அடுத்த படிக்குப் போய்விடும். பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால்தான் அந்தப் பாடம் பிள்ளைக்குப் போய்ச் சேரும்.

ஆகவே பெட்டி வாங்க மட்டும் பணம் கேட்டு நான் நிற்கவில்லை. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில், வாரத்தில் இரண்டு நாள், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார நம் பட்டதாரிகள் முன்வர வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் படித்த சகோதரிகள் வர வேண்டும். பாடம் முடிந்ததும் பெட்டி அணைக்கப்படும். ரிமோட் பொறுப்பாளர் கையில்தான் இருக்கும்.

பெயர் கொடுக்க விரும்புவோர் இன்று கூட்டம் முடிந்ததும் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். போதிய பேர் சேர்ந்தபிறகே பெட்டி வாங்குவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.