உயரம் வேறு, ஓட்டம் ஒன்று



"வேலையைப் பத்தி வேண்டாம், வேற ஏதாவது பேசுங்க" என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். ஆகவே மாதிரி ரயிலைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க. நான் வேலை பார்க்கும் இங்கிலாந்தில் இது பெரியவர்களின் விளையாட்டு. எங்கள் ஊர் மன்றத்தில் முப்பதைத் தாண்டிய நான்தான் பொடியன்!

அங்கே பெருவழக்கு ஓஓ அளவு. நிஜத்தில் 76-ல் ஒரு பங்கு. இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 16.5 மி.மீ. இடைவெளி ஒன்றானாலும் உயரம் ஒன்றல்ல. கோட் 100 என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் 100 பங்கு, அதாவது 2.54 மி.மீ. கோட் 75 என்றால் 1.9 மி.மீ. இவற்றை 76-ஆல் பெருக்கிப் பாருங்கள். முதலாவது 193 மி.மீ. ஆகிறது. நம் ரயில்வேயின் கனத்த 60 கிலோ தண்டவாளமே 172 மி.மீ.தான்! இரண்டாவது 145 மி.மீ.; பழைய பிரிட்டிஷ் தண்டவாளம் ஏறக்குறைய அவ்வளவுதான். கண்ணுக்கு லட்சணம் கோட் 75 என்பதில் சந்தேகமே இல்லை.

அப்படியானால் பழையதை எல்லாம் பிடுங்கிவிடலாமே என்று மன்றத்தில் பேச்சு எழுந்தது. மூத்த உறுப்பினர் ஒருவரின் இஞ்சின்கள் 1960-களில் வாங்கியவை. சக்கர விளிம்பு ஆழமானது. கோட் 75-ல் விட்டால், தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் பிளாஸ்டிக் பிடிகளில் இடித்துத் தடதடக்கும். மன்றத்தின் பாதித் தண்டவாளம் அவர் கொடுத்தது. "அப்புறம் எனக்கு இங்கே என்ன வேலை?" என்றார், தொப்பியை எடுத்துக்கொண்டே. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கடைசியில் இரண்டையும் வைத்துக்கொண்டோம். திரைக்குப் பின்னால் வண்டிகள் நிற்கும் யார்டு முழுக்கக் கோட் 100. முன்பக்கம் பார்வையாளர் அருகே இரண்டு பாதைகள் கோட் 75. அவற்றுக்கும் பின்னால், மேடை ஓரமாக, பெரியவருக்கென்று சுற்றிவரும் ஒரு பாதை முழுவதும் கோட் 100. துருப்பிடித்த நிறம் பூசி, கட்டை மட்டத்துக்கு ஜல்லி நிரப்பியதில் உயரம் தெரியவே இல்லை.

இனி இணைப்பு. உயர வித்தியாசம் 0.6 மி.மீ. சொச்சம். கோட் 100 முனையில் அதற்குரிய இணைப்புத் தகட்டைப் பாதி செருகி, வெளியே நீட்டிய பாதியைக் குறடால் தட்டையாக நசுக்க வேண்டும். அதன்மேல் கோட் 75-ஐ உட்கார வைத்துச் சால்டர் செய்ய வேண்டும். பிளாஸ்டிக் உருகும், எனவே பக்கத்துக் கட்டைகள் இரண்டை முன்பே கழற்றிவிடுங்கள். சிறிய பக்கத்தின் கட்டைகளுக்கு அடியில் அட்டை கொடுத்து மெல்ல மெல்ல இறக்க வேண்டும். அடிப்பக்கம் எப்படியும் இருக்கட்டும். தலைமட்டமும் உள்விளிம்பும் ஒரே கோட்டில் இருந்தாக வேண்டும். சக்கரத்துக்குத் தெரிவது அவை இரண்டு மட்டுமே. வளைவில் மட்டும் இந்த இணைப்பு வேண்டவே வேண்டாம்.

சிவில் தம்பிகளுக்கு இது புதிதல்ல. 156 மி.மீ. உயரமுள்ள 52 கிலோ தண்டவாளத்தை 60 கிலோவோடு சேர்க்க நம் ரயில்வேயில் 'காம்பினேஷன் ஃபிஷ் பிளேட்' போடுகிறார்களே, அதே கணக்குதான்.

மின்சாரத் தொல்லை தனி. தலைப்பகுதியிலும் மின்சாரம் ஓடும் பாயிண்ட்ஸ் போட்டால், அங்கிருந்து பிரியும் இரண்டு உள் தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் இணைப்பான் வேண்டும். இல்லையென்றால் ஷார்ட்! இடைவெளியும் பாருங்கள்: ஆயத்த வளைவுத் துண்டுகளில் இரு பாதைகளுக்கு நடுவே 67 மி.மீ.; வளைத்துப் போடும் நீளத் தண்டவாளத்தின் பாயிண்ட்ஸ்களில் 51 மி.மீ.தான். கலந்தால் நடுவில் ஒரு சிறு துண்டு வெட்டிச் சேர்க்க நேரிடும்.

அப்படிச் சால்டர் செய்த ஒரு துண்டை அந்த மேசைமேல் வைத்திருக்கிறேன். தேநீர் வேளையில் நகத்தால் வருடிப் பாருங்கள். இணைப்பில் நகம் தட்டினால் எனக்குச் சொல்லுங்க, அரம் கையிலேயே இருக்கிறது.