கன்னு முட்டினா சுரக்கும்

மைக்கில் பேசிப் பழக்கமில்லை, பொறுத்துக்கோங்க.

குழுக் கடனில் மாடு வாங்கினவங்க நம்மில் பலபேர். கன்னுக்குட்டி முட்டினதும் மாடு பால் சுரப்பு விடும், மிரண்டா அடக்கிக்கும். காரணம், மூளையில் சுரக்கிற ஆக்சிடோசின் என்று சுகாதாரப் பயிற்சியில் சொன்னாங்க. பெத்தவளுக்கும் அதேதான்.

என் ரெண்டாவது பொண்ணு எடை குறைவாப் பொறந்தா. "இதுவும் பொண்ணா" என்ற பேச்சைக் கேட்டு அழுதபடியே கிடந்தேன். பால் கட்டிக்கிட்டு இறங்கவே இல்லை. ஒரு நர்ஸம்மாதான் பிள்ளையை என் வெறும் நெஞ்சில் படுக்க வெச்சாங்க. கொஞ்ச நேரத்தில் சேலை நனைஞ்சுது.

அது பாலோடு நிற்பதில்லை. 2015இல் நியூயார்க்கில் எலிகளிடம் கண்டுபிடிச்சது இது: குட்டி போடாத எலி, குட்டி கத்தினாலும் கண்டுக்காது. ஆக்சிடோசின் கொடுத்ததும், சத்தத்தைக் கேட்கிற மூளைப் பகுதியில் செல்களுக்கு நடுவே உள்ள இணைப்புகள் மாறி, குட்டியைத் தூக்கிவரச் சீக்கிரமே கத்துக்கிச்சாம். பிள்ளை சிணுங்கினா நமக்கு முழிப்பு வருதே, வீட்டுக்காரர் குறட்டை விடுறாரே, அப்போ எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு!

அடுத்த மாசம் நாத்தனாருக்குப் பிரசவம். எது பொறந்தாலும் பச்சை உடம்புக்காரி காதில் ஒரு பேச்சும் விழக்கூடாது என்று அத்தைகிட்டே சொல்லிட்டேன். தன் பொண்ணாச்சே, உடனே சரின்னுட்டாங்க.